டியூபுக்கு வெளியே

டியூபை விட்டு விழுந்தவன் பந்தைத் தொடக் கூடாது. மறுபடி ஏறி உட்கார்ந்த பிறகுதான் அவனுக்கு ஆட்டத்தில் இடம். பந்து கையில் இருப்பவனை மட்டுமே கவிழ்க்கலாம். பந்து இல்லாதவனுடைய டியூபைப் பிடித்து இழுப்பது தவறு. பந்தைக் கைவிட்டவனை அந்த நொடியிலிருந்து யாரும் தொட முடியாது.

காற்றடைத்த டியூபில் உட்கார்ந்து ஆடும் வாட்டர் போலோவின் விதிகளில் முக்கியமானவை இவ்வளவுதான். எத்தனை பேர், எத்தனை நிமிஷம், கோல் எவ்வளவு அகலம் என்பதெல்லாம் இடத்துக்கு இடம் மாறுகிறவை. 1969இல் அமெரிக்காவில், கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில், மாணவர்களின் பொழுதுபோக்குக்காக உண்டாக்கப்பட்ட ஆட்டம் இது. நீச்சல் வீரர்களுக்கானதல்ல, நீச்சல் வீரர்களையும் மற்றவர்களையும் ஒரே குளத்தில் சேர்த்துவிடுவதற்கானது. அந்தப் பக்கம் படிக்கிற என் அக்கா மகன் விடுமுறையில் வந்திருந்தபோது, விதிகளை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு குருசுக்குப்பத்துப் பையன்களிடம் போனான். அவன் தங்கையும் கூடப் போனாள். நான் கரையில் உட்கார்ந்து பார்த்தவன். எனக்கு நீச்சல் தெரியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இந்தக் கட்டுரையின் சார்பு அதிலிருந்து வருவதாக யாராவது நினைத்தால் மறுக்க மாட்டேன்.

குருசுக்குப்பத்துக் கரை என்று எழுத வந்தது பழக்க தோஷம். அங்கே கரை இல்லை, கருங்கல் இருக்கிறது. ஆட்டம் நடந்தது தெற்கே, தலைமைச் செயலகத்துக்கு எதிரில். 2018இல் நீருக்கடியில் இறக்கிய செயற்கைத் தடுப்பால் அங்கே கொஞ்சம் மணல் திரும்பி வந்திருக்கிறது. மாசி மாதம், காற்று விழுந்திருந்த காலை வேளைகள், மார்பளவுத் தண்ணீர். லாரி டியூப் இப்போது சுலபத்தில் கிடைப்பதில்லை. டியூப் இல்லாத டயர்கள் வந்துவிட்டன. பஞ்சர் கடைகளில் கேட்டு வாங்கிய எட்டு டியூப்களில் ஒட்டு இல்லாதது ஒன்றுகூட இல்லை. வால்வு தொடையைக் கிழிக்காமலிருக்க அதன்மேல் துணி சுற்றினார்கள். நங்கூரக் கல் கட்டிய வெள்ளைக் கேன்கள்தான் கோல் கம்பங்கள்.

ஆட்டம் பார்க்க வேடிக்கையானது. இடுப்பு ஓட்டைக்குள் புதைந்திருக்க, கைகளும் கால்களும் வெளியே தொங்க, எல்லோரும் பின்பக்கமாகத் துழாவிக்கொண்டு போகிறார்கள். போக வேண்டிய இடத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் போக முடிகிறது.

முதல் நாளே தகராறு வந்தது. குப்பத்துப் பையன் ஒருவன், பதினான்கு வயதிருக்கும், கவிழ்க்கப்பட்டான். கவிழ்ந்த மறுநொடி அவன் மீன். டியூபில் இருந்தபோது மற்றவர்களைப் போலத் திணறிக்கொண்டிருந்தவன், நாலு வீச்சில் பந்தைப் பிடித்து, ஐந்தாவது வீச்சில் கேன்களுக்கு நடுவே தள்ளிவிட்டான். செல்லாது என்றான் அக்கா மகன், தாளைக் காட்டாத குறையாக. பையன் அவனிடம் வாதாடவில்லை. கரைக்கு வந்து என்னிடம் கேட்டான்:

“நீச்சல் தெரிஞ்சா தப்பா சார்?”

நான் அவன் பக்கம்தான் இருந்தேன். தண்ணீரில் ஆடும் ஆட்டத்தில் தண்ணீரே எல்லைக்கு வெளியே! விழுந்தவன் எங்கே போனான்? கடலுக்குள். கடலுக்குள் இருப்பவன் கடலாட்டத்தில் இல்லை. இதை எழுதியவன் வெந்நீர்க் குளத்துப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதியிருக்க வேண்டும் என்று தோன்றிற்று.

பெர்னார்ட் சூட்ஸ் என்ற தத்துவ ஆசிரியர் 1978இல் வெளியிட்ட ‘வெட்டுக்கிளி’ என்ற புத்தகத்தில், விளையாட்டு என்பது அவசியமில்லாத தடைகளைத் தாண்ட நாமாக விரும்பி மேற்கொள்ளும் முயற்சி என்று வரையறுக்கிறார். கோல்ஃப் பந்தைக் குழியில் போடுவதுதான் நோக்கமென்றால் கையால் எடுத்துப்போய்ப் போட்டுவிடலாம். கோலால் தட்டித்தான் போடுவேன் என்பதில் ஆட்டம் பிறக்கிறது. விட்கென்ஸ்டைன் விளையாட்டுகளுக்குப் பொது இலக்கணமே கிடையாது என்று சொல்லிவிட்டுப் போன இடத்தில், துணிந்து ஓர் இலக்கணம் சொன்ன புத்தகம் அது. எனக்குப் பிடித்த புத்தகந்தான். ஆனால் மணலில் உட்கார்ந்திருந்தபோது அது பாதிதான் ஒப்பியது. டியூப் அந்தப் பையனுக்கு அவசியமில்லாத தடை. அக்கா மகளுக்கு? அவளுக்கும் நீச்சல் தெரியாது. அவளுக்கு டியூப் தடையல்ல, தரை. ஒரே ரப்பர் வளையம், ஒருவனுக்கு விலங்கு, ஒருத்திக்கு உயிர். இருவரையும் கட்டுவது ஒரே வாக்கியம். அது ஒரே விதிதானா?

சமத்துவம் பேசுகிறவர்கள் சாதாரணமாகத் தாண்டிப்போய்விடும் இடம் இது. பலவானைக் கட்டிப்போட்டுப் பலவீனனுக்குச் சமமாக்குவதை நியாயம் என்கிறோம். கட்டப்பட்டவன் சம்மதித்தானா என்று கேட்பதில்லை. அதிலும் இங்கே பலவான் யார்? தண்ணீருக்கு வெளியே எந்த இடத்திலும் அவன் பலவான் இல்லை. பள்ளிக்கூடத்தில், பஸ்ஸில், ஆஸ்பத்திரி வரிசையில் எல்லாம் பின்னால் நிற்கிற பையன். அவன் முன்னால் நிற்கக்கூடிய ஒரே இடம் கடல். அங்கேயும் ஒரு வளையத்தில் ஏறு என்றால்?

ஆனால் இரண்டாவது விதியைப் பற்றி யோசிக்க யோசிக்க என் கோபம் குறைந்தது. பந்து உள்ளவனைத்தான் கவிழ்க்கலாம் என்பது எளிய வாக்கியம். அதற்குள் பெரிய விஷயம் இருக்கிறது. பந்தைப் பிடிக்கிறவன், பிடிக்கிற செயலாலேயே, என்னைக் கவிழ்க்கலாம் என்று சொல்கிறான். அந்தச் சம்மதத்தை எப்போது வேண்டுமானாலும் அவன் திரும்பப் பெறலாம். விரல்களைத் திறந்தால் போதும். உலகத்தில் நடக்கிற பலாத்காரங்களில் எத்தனைக்கு இந்த வசதி இருக்கிறது? அசல் வாட்டர் போலோவிலேயே இல்லை. 1951இல் டில்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டில் நாம் தங்கம் வாங்கிய ஆட்டம் அது. 1948லும் 1952லும் ஒலிம்பிக்ஸுக்குப் போனோம், பிறகு மறந்துபோனோம். அதில் பாதி ஆட்டம் நீருக்கடியில் நடக்கிறது, நடுவர் பார்க்க முடியாத உதைகளும் இழுப்புகளுமாக. 1956 டிசம்பரில் மெல்போர்னில் ஹங்கேரியும் சோவியத் யூனியனும் மோதியபோது, புடாபெஸ்ட்டில் டாங்கிகள் புகுந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. ஹங்கேரி 4-0 என்று முன்னால் இருக்கையில் அதன் வீரர் எர்வின் ஸாடோர் முகத்தில் இரத்தத்தோடு வெளியே வந்தார்; ஆட்டம் நிறுத்தப்பட்டது. அங்கே அடிபட்டது பந்தை வைத்திருந்ததற்காக அல்ல.

பந்து கையில் இல்லாதவனைக் கவிழ்ப்பது என்றால் என்ன என்று பார்க்க மெல்போர்னுக்குப் போக வேண்டாம். நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து வடக்கே பார்த்தால் போதும். இந்தக் கரையோரம் மணல் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டிருப்பது. 1980களின் பின்பாதியில் அரியாங்குப்பத்து முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காக அலைத்தடுப்புச் சுவர்கள் எழுந்தன. மணல் தெற்கே தங்கிவிட்டது. வடக்கே கடல் தனக்கு வர வேண்டியதைக் கரையிலிருந்து எடுத்துக்கொண்டது. நகரத்தைக் காக்கக் கருங்கல் கொட்டினார்கள். கல் கொட்டிய இடம் நின்றது. அரிப்பு அடுத்த குப்பத்துக்குப் போயிற்று. அங்கேயும் கல். குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், அப்புறம் எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக் கிராமங்கள் என்று கவிழ்ப்பு கைமாறிக்கொண்டே வடக்கே போகிறது. ஒவ்வொருவரும் தன்னைக் காத்துக்கொள்வதாலேயே அடுத்தவனைக் கவிழ்க்கிற ஏற்பாடு. பத்திரிகைகள் இதைக் கடல் சீற்றம் என்று எழுதுகின்றன. படித்தவர்கள் இயற்கையின் லீலை என்பார்கள். லீலை என்ற சொல்லின் சௌகரியம் அதுதான்: விதி இல்லாத விளையாட்டு, ஆகவே தவறு செய்தவன் யாரும் இல்லை.

மூன்றாம் நாள் அக்கா மகளைக் கவிழ்த்தார்கள். பந்து அவளிடம் இருந்தது, விதிப்படி சரி. மார்புவரைதான் தண்ணீர், ஆனால் நீச்சல் தெரியாதவருக்குக் கால் தரையில் இருக்கிறது என்பது உடனே நினைவுக்கு வராது. உப்புத் தண்ணீர் குடித்து, பயந்து, அழுதுவிட்டாள். கவிழ்த்தவன் அதே பதினான்கு வயதுப் பையன்தான். அவளைத் தூக்கி டியூபில் உட்கார வைத்ததும் அவனே. பிறகு ஆட்டத்தை நிறுத்தி, தாளில் இல்லாத ஒரு விதியைச் சொன்னான்:

“கவுத்தவன்தான் ஏத்தி வுடணும். ஏத்தி வுட்ட அப்புறந்தான் அவன் பந்தத் தொடணும்.”

மற்றக் குப்பத்துப் பையன்கள் இதை விவாதிக்கவே இல்லை. தண்ணீரில் ஒருவனை விட்டுவிட்டுப் போவதில்லை என்பது அவர்கள் வீட்டில் விதியாகச் சொல்லித் தரப்படுவதல்ல, சோறு தின்பது போல. பியாஜே, சுவிட்ஸர்லாந்துக் குழந்தைகள் கோலி ஆடுவதைப் பார்த்து 1932இல் எழுதிய புத்தகத்தில், சின்ன வயதில் குழந்தைகள் விதியைப் பெரியவர்கள் தந்த, மாற்றக் கூடாத ஒன்றாக நினைக்கிறார்கள், வளர்ந்த பிறகுதான் அது தங்களுக்குள் செய்துகொண்ட ஒப்பந்தம் என்று உணர்கிறார்கள் என்கிறார். இங்கே தாளை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தவன் இருபத்திரண்டு வயது அக்கா மகன். பியாஜே வந்திருந்தால் குழம்பியிருப்பார்.

புது விதி அந்தப் பையனுடைய முதல் நாள் கேள்விக்குப் பதிலாகவும் அமைந்தது. அவன் நீச்சலுக்கு ஆட்டத்தில் ஒரு வேலை கிடைத்துவிட்டது, கோல் போட அல்ல என்றாலும். இதில் நான் நெகிழ்ந்துபோய் ஊருக்குத் திரும்பியிருந்தால் கட்டுரையை இங்கே முடித்திருப்பேன். ஆனால் நாலாம் நாளும் ஆடினார்கள்.

நாலாம் நாள் கருணையின் கணக்கு வெளிப்பட்டது. நீச்சல் தெரிந்தவனைக் கவிழ்த்தால் அவன் தானே ஏறிக்கொள்வான், ஒரு நொடி. தெரியாதவளைக் கவிழ்த்தால் ஏற்றிவிட ஒரு நிமிஷம் போகும். அதற்குள் எதிர்க் கட்சி கோல் போட்டுவிடும். ஆகவே அவளை யாரும் கவிழ்ப்பதில்லை. கவிழ்ப்பதில்லை என்றானதும், அவள் கட்சிக்காரர்கள் பந்தை அவளிடமே கொடுத்தார்கள். பந்தை மடியில் வைத்துக்கொண்டு அவள் மெல்ல மெல்லப் பின்பக்கமாகத் துழாவிக்கொண்டு போக, சுற்றிலும் ஏழு பேர் கையைக் கட்டிக்கொண்டு மிதந்தார்கள். கோல். மறுபடி கோல். மூன்றாவது கோலுக்குப் பிறகு யாரும் சத்தம் போடவில்லை. சில அமெரிக்கக் கல்லூரிகளில் பெண் போடும் கோலுக்கு இரண்டு புள்ளி என்று அக்கா மகன் சொன்னபோது ஒரு பையன் சிரித்தான், கெட்ட சிரிப்பு இல்லை.

பாதுகாப்பு அவளை ஆட்டத்திலிருந்து சத்தமில்லாமல் வெளியே எடுத்துவிட்டது என்று எனக்குப் புரிய நேரமாயிற்று. முதல் நாள் அந்தப் பையன் டியூபுக்கு வெளியே நின்ற இடமும் இவள் டியூபுக்குள் உட்கார்ந்திருந்த இடமும் ஒன்றுதான். கவிழ்க்கப்பட முடியாதவள் ஆடுகிறவள் இல்லை. பந்தை ஏற்றிச் செல்லும் இன்னொரு மிதவை. அவளுக்கு இது எனக்கு முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டும்.

மத்தியானம் வெயில் ஏறி ரப்பர் சுடத் தொடங்கியதும் டியூப்களைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் கிளம்பினார்கள். அவள் மட்டும் தண்ணீரிலேயே நின்று அந்தப் பையனைக் கூப்பிட்டு ஏதோ கேட்டாள். என்ன கேட்டாள் என்று சாப்பிடும்போது விசாரித்தேன்.

“நீந்தக் கத்துக் குடுன்னேன் மாமா. எத்தனை நாளாகும்னு கேட்டேன்.”

“என்ன சொன்னான்?”

“டியூபு வேணாம்னுட்டான். நாளைக்குக் காலைல அஞ்சரைக்கு வரச் சொன்னான்.”

அக்காவுக்கு இதில் சம்மதம் இல்லை. எனக்கும் அன்றிரவு சரியாகத் தூக்கம் வரவில்லை. ஐந்து மணிக்கு எழுந்து பார்த்தபோது வாசல் கதவு திறந்திருந்தது. செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.