போக விட்ட பந்து

அப்பாவின் திதிக்கு ஊருக்குப் போயிருந்தேன். பந்தியில் எதிர் இலையிலிருந்து அண்ணன் கேட்டார். "மாசாமாசம் பணம் போட்டுட்டா ஆச்சாடா? கடைசி ஆறு மாசம் அவரைத் தூக்கி உட்கார வெச்சது யாரு?" சித்தப்பா, அத்தை எல்லோரும் இருந்தார்கள். எனக்கு மூன்று பதில் கைவசம் இருந்தது. ஒன்றையும் சொல்லாமல் ரசத்தைப் பிசைந்தேன். பிசைந்த சாதத்தையே திரும்பத் திரும்பப் பிசைந்தேன்.

"நல்லவேளை, வாயைத் திறக்கலை நீங்க" என்றாள் மனைவி, திரும்பும்போது பஸ்ஸில்.

அப்போதுதான் கிரிக்கெட் வீரர் அஸ்வின் நினைவுக்கு வந்தார். 2022 அக்டோபர் 23, மெல்போர்ன், பாகிஸ்தானோடு உலகக் கோப்பை ஆட்டம். ஒரு பந்து, இரண்டு ரன். தினேஷ் கார்த்திக் ஸ்டம்பிங் ஆகி அப்போதுதான் வெளியே போகிறார். அஸ்வின் உள்ளே வந்து நிற்கிறார். பாகிஸ்தானின் நவாஸ் வீசிய பந்து காலுக்கு வெளியே போகிறது. யாராக இருந்தாலும் மட்டையை வீசியிருப்பார்கள். இவர் போக விட்டார். வைடு, ஒரு ரன். அடுத்த பந்து மிட் ஆஃப் தலைக்கு மேலே, ஆட்டம் முடிந்தது. அன்று 82 ரன் எடுத்துக் கடைசிவரை நின்ற கோலியைத்தான் ஊர் கொண்டாடியது, அது நியாயமும்கூட. எனக்கு மட்டும் அந்த விட்ட பந்து.

எங்கள் தெருவில் வைடு என்பதே கிடையாது. எட்டாத பந்தையும் எட்டிப் பிடித்து அடிக்க வேண்டும். விட்டால் அது சாக்கடைக்குப் போகும், விட்டவன்தான் எடுத்துவந்து கழுவ வேண்டும். காஜி, அதாவது மட்டை பிடிக்கும் முறை, கிடைப்பதே அபூர்வம். கிடைத்த காஜியில் பந்தை விடுகிறவனைப் பைத்தியம் என்போம். மேற்கு மாம்பலத்துத் தெருக்களில் ஆடி வளர்ந்த அஸ்வினும் இதையெல்லாம் பார்த்திருப்பார். அவர் நினைவுக் குறிப்புக்குத் தெருவை வைத்துத்தானே பெயர் சூட்டினார்!

இதே மாதிரி ஒரு கடைசிப் பந்து 2011 நவம்பரிலும் அவருக்கு வந்தது. வான்கடே டெஸ்ட், மேற்கிந்தியத் தீவுகள். அவருடைய மூன்றாவது டெஸ்ட்தான்; முதல் இன்னிங்ஸில் ஐந்து விக்கெட்டும் எடுத்து 103 ரன்னும் அடித்திருந்தார். அப்போதும் ஒரு பந்து, இரண்டு ரன். அடித்தார், ஒன்று ஓடினார், இரண்டாவதற்கு ஓடி ரன் அவுட். ஸ்கோர் சமம், ஆட்டம் டிரா. அந்த ஒரு ரன் பதினோரு வருஷம் அவருக்குள் கிடந்ததா? தெரியாது. நானாக இருந்தால் கிடந்திருக்கும்.

சிறுவயதில் தொடக்க ஆட்டக்காரராக இருந்து சுழலுக்கு வந்தவர் அவர். டெஸ்டில் 537 விக்கெட், 6 சதம். ஆல்ரவுண்டர் என்றால் இரண்டு வேலை தெரிந்தவன் என்றுதான் நினைத்திருந்தேன். இப்போது வேறு மாதிரி படுகிறது. கடைசிப் பந்தில் சுழல் வீசுகிறவனுக்கு விரல் எப்படி வியர்க்கும், பயத்தில் பந்து எந்தப் பக்கம் நழுவும் என்பது அவருக்குத் தெரியும். அந்த முனையில் நின்று வீசியவர். அதனால்தான் இந்த முனையில் விட முடிந்தது.

நான் அண்ணன் நின்ற முனையில் நின்றதே இல்லை. அப்பாவைத் தூக்கி உட்கார வைத்ததில்லை, இரவு இரண்டு மணிக்கு வேட்டி மாற்றியதில்லை. அப்படியிருக்க, வந்தது வைடு என்று எதை வைத்து முடிவு செய்தேன்? நேராக நடு ஸ்டம்புக்கு வந்த பந்தையும் ஒருவன் விடலாம், ஆடத் தெரியாமல். மனைவி சொன்னது பொறுமை. அத்தைக்கு அது திமிராகத் தெரிந்திருக்கலாம். கையை விரித்துக் காட்ட அங்கே நடுவர் யாரும் இல்லை.

போன வாரம் அண்ணன் போன் செய்தார். தேங்காய் வெட்டியாச்சு, உன் பங்குக்கு எத்தனை அனுப்ப என்று கேட்டார். அம்பது போதும் என்றேன். அதன்பிறகு இரண்டு பேருமே கொஞ்ச நேரம் பேசவில்லை. போனையும் வைக்கவில்லை. இந்தத் தடவை விட்டது அவரா, நானா என்று சொல்லத் தெரியவில்லை.