நிச்சயமின்மையைக் கற்பித்தல்

‘அப்ப அவங்களுக்கே தெரியாதா சார்?’

மாலையில் என்னிடம் ஆங்கிலம் படிக்க வரும் பையன் கேட்டது இது. படித்துக்கொண்டிருந்த பகுதியில் ஒரு வாக்கியம்: காற்றில் கரியமில வாயு இரட்டித்தால் பூமியின் சராசரி வெப்பம் நாளடைவில் 2.5லிருந்து 4 டிகிரி வரை உயரக்கூடும். அந்தக் ‘கூடும்’ அவனை ஏமாற்றிவிட்டது. அவனைக் குறை சொல்வதற்கில்லை. பரீட்சையில் அவன் பார்த்த கேள்விகளுக்கெல்லாம் ஒரே விடைதான். நானும் வங்கிக் குமாஸ்தா. ரொக்கம் ஒரு ரூபாய் இடித்தாலும் இருக்கையை விட்டு எழ முடியாது.

சுலபமான பதில்கள் இரண்டு இருந்தன. ‘3 என்று எழுதிக்கொள்’ என்பது ஒன்று. ‘யாருக்குமே சரியாகத் தெரியாது’ என்பது மற்றது. முதலாவது விஞ்ஞானத்தை வேதவாக்காக்குகிறது, இரண்டாவது வதந்தியாக்குகிறது. இரண்டுமே மாணவனுக்கு இழைக்கும் துரோகம் என்று எனக்குப் படுகிறது.

1979இல் ஜூல் சார்னி தலைமையில் அமெரிக்க விஞ்ஞானிகள் சிலர் வுட்ஸ் ஹோலில் கூடி இதே கேள்வியை ஆராய்ந்தார்கள். அவர்கள் முன் இருந்தவை இரண்டு குழுக்களின் கணினி மாதிரிகள். அவை தந்த எண்களோடு நின்றிருக்கலாம். மேகங்களைப் போல் மாதிரிக்குள் சரியாக அடங்காதவற்றை யோசித்து, வீச்சை இரு பக்கமும் அகலப்படுத்தி, 1.5லிருந்து 4.5 என்று எழுதினார்கள். கீழ் எல்லையை 2007இல் 2க்கு உயர்த்திய சர்வதேசக் குழு, 2013இல் மறுபடி 1.5க்கே இறக்கியது. 2021இல்தான் 2.5லிருந்து 4 என்றாயிற்று. அதுவும் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாத சாத்தியம் என்ற நிபந்தனையோடு. ஓர் எண்ணின் இரு கரைகளை நெருக்கிக் கொண்டுவர 42 வருஷங்கள். வெறும் அறியாமைக்கு இப்படி ஒரு சரித்திரம் இருக்க முடியாது. தெரியாததன் எல்லையை அளந்து சொல்வதும் அறிவுதான். வகுப்பில் முதலில் சொல்ல வேண்டியது இதுவே.

அடுத்து, எல்லா நிச்சயமின்மையும் ஒரே ஜாதி அல்ல. வருஷத்துக்கு வருஷம் தானாக ஏறியிறங்குவது காற்று, கடல் இவற்றின் சுபாவம். 1961இல் எட்வர்ட் லோரன்ஸ் தன் கணினியில் 0.506127 என்ற எண்ணை 0.506 என்று சுருக்கிப் போட, சற்று நேரத்தில் வானிலை வேறொன்றாகிவிட்டது. இதை ஒழிக்க வழியில்லை. இரண்டாவது, மாதிரிகளின் குறை. மேகங்கள் மாதிரியின் கட்டங்களைவிடச் சிறியவை. அவற்றை உத்தேசமாகத்தான் எழுத முடிகிறது. உழைத்தால் இது குறையும்.

மூன்றாவதைத்தான் பாடங்கள் முதல் இரண்டோடு கலந்துவிடுகின்றன. 2021 அறிக்கையின்படி, இந்த நூற்றாண்டின் கடைசி இருபது வருஷங்களில் வெப்ப உயர்வு, 1850–1900 காலத்தோடு ஒப்பிட, மிகக் குறைவாகப் புகைவிட்டால் சுமார் 1.4 டிகிரி, மிக அதிகமாக விட்டால் 4.4. இந்த வித்தியாசம் மேகத்தினால் வருவதில்லை. நாம் என்ன செய்யப் போகிறோம் என்பது மாதிரிக்குத் தெரியாது, தெரிந்திருக்கவும் முடியாது. அதைக் கணக்கின் பலவீனமாகக் கற்பிக்கும் ஆசிரியர், தீர்மானிக்க வேண்டிய ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்றாக மாற்றிவிடுகிறார். மாணவன் காத்திருக்கப் பழகுகிறான். தெளிவாகட்டும், பிறகு பார்க்கலாம் என்ற பெரியவர்களின் மனோபாவம் இப்படித்தான் அவனிடம் வந்து சேருகிறது. வீச்சுக்கு மேல் எல்லை ஒன்று உண்டு, அதைத் தாண்டியும் போகலாம் என்பதை அவனுக்கு யாரும் சொல்வதில்லை.

இதில் ஒரு சங்கடமும் உண்டு. அந்தப் பையன் நூற்றாண்டின் கடைசியைப் பார்க்கக்கூடும். தீர்மானிக்கும் இடத்தில் இன்று இருப்பவர்கள் பார்க்கப் போவதில்லை. ‘உன் கையில் இருக்கிறது’ என்று அவனிடம் சொல்வது பாதிதான் உண்மை. நம் கையில் இருந்ததை, இருப்பதை, மறைத்துவிட்டு அதைச் சொல்லக்கூடாது.

அவன் கேட்ட அன்று இவ்வளவும் எனக்குத் தோன்றவில்லை. ‘தெரிந்த வரைக்கும் சொல்லியிருக்காங்கப்பா’ என்று சொல்லி அடுத்த வாக்கியத்துக்குப் போய்விட்டேன். அவன் ‘கூடும்’ என்பதன் கீழ் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொண்டான்.