கையோடு ஒரு படம்

போன தை மாதம் பெரம்பலூரில் ஒரு கல்யாண வரவேற்பு. தலைக்கு மேலே ட்ரோன் பறக்கிறது. கீழே இரண்டு வீடியோ கேமரா, மூன்று ஸ்டில் கேமரா. மாப்பிள்ளை தும்மினால்கூடப் பத்து படம் விழுந்திருக்கும். ஆனால், கூட்டம் நின்றது அங்கே இல்லை. சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகிற வழியில், பொம்மை மாதிரி ஒரு இளநீலக் கேமராவை வைத்துக்கொண்டு நின்ற ஒரு காலேஜ் பையனைச் சுற்றி நின்றது.

க்ளிக் என்றதும் கேமரா நாக்கை நீட்டுகிற மாதிரி மேலே ஒரு வெள்ளை அட்டை வருகிறது. அதை எடுத்து, யாரைப் படம் பிடித்தானோ அவர் கையிலேயே கொடுத்துவிடுகிறான்.

எழுபதைத் தாண்டிய ஒரு அம்மா. வருஷக்கணக்கில் சின்ன வெங்காயம் ஆய்ந்த விரல்கள். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஒண்ணுமே தெரியலையே சாமி?”

“செத்த பொறு ஆயா, வந்துரும்.”

வந்தது. முதலில் புடவை பார்டர், அப்புறம் மூக்குத்தி, கடைசியில் முகம். அந்த அம்மா அதைச் சுருக்குப் பையில் வெற்றிலைக்குப் பக்கத்தில் வைத்து, கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டு பந்திக்குப் போய்விட்டார். ட்ரோனை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

உங்கள் செல்போனில் எத்தனை படம் இருக்கிறது என்று இப்போதே எடுத்துப் பாருங்கள். நான் பார்த்தேன்: பதினோராயிரத்துச் சொச்சம். இவ்வளவு இருந்தும், தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய, ஒரு படத்துக்கு அறுபது எழுபது ரூபாய் ஆகிற, வெளிச்சம் கொஞ்சம் கூடினால் முகமே வெளுத்துப்போகிற இந்தப் படத்துக்கு ஏன் இத்தனை பேர் வரிசையில் நிற்கிறார்கள்?

பி.காம். படித்தவன் என்பதால் எனக்கு முதலில் தோன்றிய பதில், தட்டுப்பாடு. தண்ணீருக்கு ஏன் விலை இல்லை, வைரத்துக்கு ஏன் இவ்வளவு விலை என்று ஆடம் ஸ்மித் கேட்ட பழைய கேள்வி. நெகட்டிவ் கிடையாது, காப்பி கிடையாது, ஒன்றே ஒன்று. அதனால் மதிப்பு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், தட்டுப்பாடு மட்டுமே காரணம் என்றால், ரேஷன் கடை மண்ணெண்ணெயையும் நாம் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்திருக்க வேண்டுமே?

சரி, ரொம்ப நாள் நிலைக்கும் என்பதாலா? அதுவும் இல்லை. வெயில் பட்டால் இந்தப் படம் வெளிறிவிடும். நிலைப்பதுதான் பெருமை என்றால் பெரம்பலூர்க்காரர்கள் சாத்தனூருக்குத்தான் வரிசை கட்ட வேண்டும். 12 கோடி வருஷத்துக்கு முன்னால் விழுந்த மரம், பதினெட்டு மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிக் கிடக்கிறது. 1940-ல் எம்.எஸ். கிருஷ்ணன் என்ற புவியியல் அறிஞர் கண்டுபிடித்துச் சொன்னது. அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக் கல்லில் கடல் நத்தைகள் அச்சு அச்சாகப் பதிந்திருக்கின்றன. குழிந்த அச்சு நெகட்டிவ், அதில் மண் நிரம்பி இறுகினால் பாசிட்டிவ். உலகத்திலேயே மெதுவான ஸ்டூடியோ அதுதான். நான் போனபோது அங்கே ஒரு காதல் ஜோடியும் இரண்டு ஆடுகளும்தான் இருந்தன.

இந்த உடனடிப் படம் பிறந்த கதை பலருக்குத் தெரிந்திருக்கும். 1943-ல் எட்வின் லாண்ட் என்ற அமெரிக்க விஞ்ஞானி விடுமுறையில் மகளைப் படம் எடுத்தார். படத்தை ஏன் இப்பவே பார்க்க முடியாது என்று அந்த மூணு வயசுப் பெண் கேட்டாளாம். 1947-ல் செய்து காட்டினார். 1948 நவம்பர் 26 அன்று பாஸ்டனில் ஒரு கடையில் முதல் போலராய்டு கேமரா 89 டாலர் 75 சென்ட்டுக்கு விற்பனைக்கு வந்தது. படத்தாளிலேயே சின்ன மருந்துப் பொட்டலம். இரண்டு உருளைக்கு நடுவே தாள் நசுங்கி வரும்போது மருந்து பரவி, இருட்டறை செய்கிற வேலையைச் செய்துவிடும். அவ்வளவுதான் சூட்சுமம். (படத்தை உதறினால் சீக்கிரம் வரும் என்பது கட்டுக்கதை. பழைய வகைப் படத்தைக் காயவைக்க உதறிய பழக்கம், இன்னும் போகவில்லை.)

இதைக் காப்பியடித்ததாக கோடாக் மீது வழக்கு நடந்து, 1986-ல் அந்தக் கம்பெனி இந்த வியாபாரத்தையே மூட வேண்டியதாயிற்று. நஷ்டஈடு மட்டும் 90 கோடி டாலருக்கு மேல். ஜெயித்த போலராய்டும் 2001-ல் திவாலானது. 2008-ல் ஃபிலிம் தயாரிப்பையே நிறுத்தப்போவதாக அறிவித்தார்கள். நெதர்லாந்தில் மூடிக்கிடந்த கடைசித் தொழிற்சாலையைச் சில பேர் சேர்ந்து பிடித்து, 2010-ல் மறுபடி ஃபிலிம் கொண்டுவந்தார்கள். ஜப்பானின் ஃபியூஜி 1998-ல் விட்ட ‘இன்ஸ்டாக்ஸ்’தான் அந்தப் பையன் கையில் இருந்தது.

லாண்டின் மகள் கேட்டதை அவசரம் என்றே எல்லோரும் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அது, எடுக்கப்பட்டவளின் கேள்வி. என் முகத்தை எடுத்துக்கொண்டாயே, எனக்கு எங்கே?

அக்கவுன்டன்சியில் ரொக்க விற்பனை, கடன் விற்பனை என்று இரண்டு உண்டு. ரொக்கம் என்றால் கணக்கு அங்கேயே தீர்ந்துவிடும். நாம் எடுக்கிற படமெல்லாம் கடன் வகை. “அனுப்பறேன்” என்போம். அனுப்புவோமா? இதில் என்னைப் போன்ற பத்திரிகைக்காரர்கள் மகா மோசம். எங்களிடம் கொடுத்த முகமெல்லாம் வாராக் கடன்.

2005 மழைக்காலம், கொள்ளிடத்தில் வெள்ளம். திருமானூர்ப் பக்கம் கரையோர கிராமம் ஒன்றுக்கு நானும் ஒரு போட்டோகிராபரும் போனோம். (இன்றைக்கு அது அரியலூர் மாவட்டம். 2001-ல் பிரித்து, 2002-ல் சேர்த்து, 2007-ல் திரும்பப் பிரித்தார்கள். நாங்கள் போனபோது பெரம்பலூர் மாவட்டம்.) பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்த ஒரு அம்மாவைப் படம் எடுத்தார் நண்பர். டிஜிட்டல் வந்த புதுசு. பின்பக்கத் திரையில் காட்டினார். இடிந்த வீட்டைப் பற்றி அழுதுகொண்டிருந்தவர், தன் முகத்தைப் பார்த்ததும் வெட்கப்பட்டுச் சிரித்தார். அதையும் எடுத்தார் நண்பர்.

“இதுல ஒண்ணு எனக்குக் குடுப்பீங்களா தம்பி? எங்க வூட்டுக்காரரு போட்டோவும் தண்ணியில போயிருச்சு. செவுத்துல மாட்ட ஒண்ணும் இல்ல.”

கண்டிப்பா அனுப்பறோம்மா என்றேன். விலாசம்கூட எழுதிக்கொண்டேன். கேமராவை அணைத்தார். திரை கறுப்பானது. காட்டுவது வேறு, கொடுப்பது வேறு என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. அழுகிற படம் பத்திரிகையில் அரைப் பக்கத்துக்கு வந்தது. நாலு பேர் பாராட்டினார்கள். படம் அனுப்பவில்லை.

கையில் கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா என்றால், அதுவும் இல்லை. நிறவெறி ஆண்ட தென்னாப்பிரிக்காவில், கறுப்பின மக்கள் எங்கே போனாலும் சுமக்க வேண்டிய பாஸ் புத்தகத்துக்கு முகம் பிடித்ததும் இதே போலராய்டுதான். அதுவும் கையோடுதான் கொடுக்கப்பட்டது. 1970-ல் அந்தக் கம்பெனியிலேயே வேலை பார்த்த கரோலின் ஹன்ட்டர், கென் வில்லியம்ஸ் என்ற இரண்டு கறுப்பினத்தவர் அதைக் கண்டுபிடித்துப் போராட்டம் தொடங்கினார்கள். 1977-ல்தான் கம்பெனி அந்த நாட்டைவிட்டு வெளியேறியது. ஆக, கொடுப்பதிலும் இரண்டு வகை இருக்கிறது. நீ கேட்டதால் கொடுப்பது. நீ யார் என்று நான் பார்ப்பதற்காக உன்னையே சுமக்க வைப்பது. அந்தப் பாஸ் புத்தகப் படத்துக்கு யாராவது சிரித்திருப்பார்களா?

சுருக்குப் பை அம்மாவைப் பார்த்த ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. ஊர் திரும்பியதும் நண்பருக்குப் போன் போட்டேன். பழைய சி.டி. ஒன்றில் இருந்தது. சிரிக்கிற படத்தை எட்டுக்குப் பன்னிரண்டு சைஸில் போட்டு, ஃப்ரேம் பண்ணி எடுத்துக்கொண்டு போனேன்.

அந்த அம்மா இறந்து பன்னிரண்டு வருஷம் ஆகிவிட்டது. திண்ணையில் மகன். ஐம்பது வயசு இருக்கும். உள்ளே சுவரில், பிளாஸ்டிக் மாலைக்குள் அவர் அம்மாவின் படம். வாக்காளர் அட்டையிலிருந்து பெரிசாக்கியது. பெரிசாக்கியதில் கண் இரண்டும் புள்ளி புள்ளியாக உடைந்திருந்தது. வேறு படம் கிடைக்கவில்லையாம்.

கொண்டுபோனதைக் கொடுத்தேன். ரொம்ப நேரம் பார்த்தார்.

“இது எப்ப எடுத்ததுங்க?”

“2005. வெள்ளத்தப்ப.”

“அப்ப இருந்தே உங்ககிட்டயா இருந்துச்சு?”

ஆமாம் என்றேன். அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. மாலையைக் கழற்றிவிட்டு, பழைய படம் தொங்கிய ஆணியிலேயே புதுசை மாட்டினார். பழையதைத் துண்டால் துடைத்து பீரோவுக்குள் வைத்தார். பிறகு, சமையல்கட்டுப் பக்கம் திரும்பி, “சாருக்கு ஒரு டீ போடு” என்றார்.