பக்கத்து மிஷினுக்கு ஒரு மன்றாட்டு



நம் ஆலய வாசலில் இருக்கும் மன்றாட்டுப் பெட்டியைச் சனிக்கிழமை இரவு திறந்து பார்ப்பது என் வழக்கம். சம்பள நாள் ஆயிற்றே! கம்பெனி விட்டு, மளிகைக்கடை பாக்கியை அடைத்து, வீட்டுக்குப் போகிற வழியில் வண்டியை ஓரங்கட்டி ஒரு சீட்டைப் போட்டுவிட்டுப் போகிறவர்கள் நம்மில் பலர். யாரும் நல்ல தாளில் எழுதுவதில்லை. காலண்டரில் கிழித்தது, கணக்கு நோட்டின் ஓரம், சில நேரம் லேபிள் வந்த அட்டையின் பின்பக்கம். மகளுக்கு வரன், மகனுக்கு வேலை, வட்டிக்காரர் தொல்லை, வீட்டுக்காரரின் குடி, மூட்டுவலி. இவற்றைக் குறையாகச் சொல்லவில்லை. நம் பாரத்தை ஆண்டவரிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

சில மாதங்களுக்கு முன் ஒரு சீட்டு வந்தது. "பக்கத்து மிஷின்ல உக்கார்ற பொண்ணுக்காக. பேரு தெரியாது. மூணு நாளா கண்ணத் தொடச்சுக்கிட்டே தைக்குது." அவ்வளவுதான். எழுதியவர் பெயரும் இல்லை. அன்றிரவு அந்தச் சீட்டை மட்டும் என்னால் பெட்டிக்குள் திருப்பிப் போட முடியவில்லை.

மறுவாரம் பூசை முடிந்ததும் ஓவர்லாக் அடிக்கிற ஓர் அக்கா தயங்கித் தயங்கி வந்தார். "ஏனுங்க ஃபாதர், பேரு தெரியாம ஜெபிச்சா சாமி கேக்குமுங்களா?" என்றார். சீட்டு யாருடையது என்று புரிந்தது. (அவர் அனுமதி வாங்கித்தான் இதை இங்கே சொல்கிறேன்.) "கடவுளுக்கு அந்தப் பெண்ணின் பெயர் தெரியும்மா, உங்களுக்குத்தான் தெரியவில்லை" என்றேன். விளையாட்டாகச் சொன்ன பதில்தான். அவர் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. திங்கட்கிழமை டீ டைமில் போய்ப் பெயரைக் கேட்டுவிட்டார். அந்தக் கதையின் மீதியைப் பிறகு சொல்கிறேன்.

இன்றைய நற்செய்தியில் நான்கு பேர் ஒரு முடக்குவாதக்காரரைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு வருகிறார்கள். இடம் கப்பர்நாகும். இயேசு இருக்கும் வீட்டின் வாசலைக் கூட்டம் அடைத்துக்கொண்டு நிற்கிறது. அந்த இடத்தில் நாமாக இருந்தால், "இன்னைக்கு முடியாதப்பா, அடுத்த வாரம் பாக்கலாம்" என்று சொல்லித் திரும்பியிருப்போம். இவர்கள் கூரைமேல் ஏறுகிறார்கள். அந்நாட்டு வீடுகளின் கூரை மரக்கட்டை பரப்பி, கிளைகளை அடுக்கி, மேலே மண் பூசியது. அதைத் தோண்டித் திறந்தார்கள் என்கிறார் மாற்கு. ஓடுகளைப் பிரித்ததாக எழுதுகிறார் லூக்கா. எப்படியோ, கீழே உட்கார்ந்திருந்தவர்கள் தலையில் புழுதி கொட்டியிருக்கும். நம் லைன் வீடுகளில் இப்படி ஒரு ஆஸ்பெஸ்டாஸ் சீட்டைப் பெயர்த்தால் ஓனர் அட்வான்ஸில் கழித்துவிடுவார். மாற்கு அந்த வீட்டுக்காரர் என்ன சொன்னார் என்று எழுதவே இல்லை. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

இயேசு மேலே பார்க்கிறார். யாருடைய நம்பிக்கையைக் கண்டார்? "அவர்களுடைய" நம்பிக்கையை என்று பன்மையில் எழுதியிருக்கிறது. கட்டிலில் கிடந்தவர் என்ன நினைத்தார், நம்பினாரா, "என்னை விட்டுடுங்கடா" என்று புலம்பினாரா, ஒன்றும் தெரியாது. எத்தனை வருடமாய்க் கிடந்தாரோ, அவருக்கு நம்பிக்கை விட்டுப்போயிருக்கலாம். நம்ப முடியாத நிலையில் கிடக்கிற ஒருவருக்காக வேறு நான்கு பேர் நம்பினார்கள். அது போதும் என்று ஆண்டவர் எடுத்துக்கொண்டார். பிறருக்காக மன்றாடுவது என்று நாம் சொல்வது இந்தக் கட்டிலைத் தூக்குவதைத்தான். கட்டிலைத் தூக்கியவர்களுக்குத்தான் கிடப்பவரின் கனம் தெரியும். ஒரு மூலையில் ஒருவர் கையைத் தளர்த்தினாலும் நோயாளி சரிந்துவிடுவார்.

நம்மில் எத்தனை பேர் "உங்களுக்காக ஜெபிக்கிறேன்" என்று வாட்ஸ்அப்பில் கைகூப்பும் படத்தை அனுப்பிவிட்டு அத்தோடு மறந்துபோகிறோம்! நானும்தான். குருவானவர் என்பதால் எனக்கு அந்தப் படம் இன்னும் அதிகமாகச் செலவாகிறது.

திருத்தூதர் யாக்கோபின் திருமுகத்தில் ஐந்தாம் அதிகாரத்தை வீட்டுக்குப் போய் எடுத்துப் பாருங்கள். ஒருவர் மற்றவருக்காக மன்றாடுங்கள் என்று அவர் கேட்டுக்கொள்வது அங்கேதான், 16-ஆம் வசனத்தில். அந்த வசனத்தைப் படமாக அச்சடித்துச் சுவரில் மாட்டியிருக்கிறோம். அதே அதிகாரத்தின் 4-ஆம் வசனத்தை யாரும் மாட்டுவதில்லை. அறுவடை செய்தவர்களுக்குக் கொடுக்காமல் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்றும், அந்தக் குரல் ஆண்டவரின் காதுக்கு எட்டிவிட்டது என்றும் அங்கே இருக்கிறது. யோசித்துப் பாருங்கள், கடவுளின் காதுக்கு நம் மன்றாட்டு போய்ச் சேருமுன் அந்தக் கூலியின் குரல் போய்ச் சேர்ந்திருக்கிறது. நம்மிடையே பத்து மிஷின் போட்டு ஜாப் ஒர்க் செய்கிறவர்கள் இருக்கிறீர்கள். பார்ட்டி பணம் தராமல் மாதக்கணக்கில் இழுத்தடிக்கிற கஷ்டம் எனக்குத் தெரியும். ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்: உங்களிடம் வேலை செய்கிறவர்களுக்காக ஜெபமாலை சொல்வதற்கு முன் அவர்களுடைய சனிக்கிழமைக் கணக்கைத் தீர்த்துவிடுங்கள்.

இந்த இரண்டு வசனங்களையும் சேர்த்தே வாழ்ந்து காட்டிய ஒரு பெண்ணை இந்தப் பனியன் ஊர் அறிந்திருக்க வேண்டும். பிரான்சு நாட்டில் லியோன் என்று ஒரு நகரம். நமக்குப் பனியன் எப்படியோ அப்படி அவர்களுக்குப் பட்டு. அங்கே ஒரு பட்டு முதலாளி வீட்டில் 1799-ல் பிறந்தவர் பவுலின் ஜாரிக்கோ. அவருடைய அண்ணன் பாரீஸில் குருமாணவர். அயல்நாடுகளுக்குக் குருக்களை அனுப்பும் பாரீஸ் மறைபரப்புச் சபை கையில் காசில்லாமல் தவிக்கிறது என்று அவர் மூலம் தங்கைக்குத் தெரியவந்தது. பவுலின் தன் வகுப்புப் பணக்காரர்களிடம் முதலில் போகவில்லை. அக்காள் கணவரின் பட்டு ஆலையில் வேலை செய்த பெண்களிடம் போனார். பத்துப் பத்துப் பேராகச் சேருங்கள். நாளும் ஒரு ஜெபம், வாரம் ஒரு சூ. சூ என்றால் அந்தக்காலச் சில்லறைக் காசு, ஒரு பிராங்குக்கு இருபது. அவ்வளவுதான் திட்டம். நம் சீட்டுக் குழு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒரே வித்தியாசம், சீட்டு யாருக்கும் விழாது. அதிலிருந்து 1822 மே 3-ஆம் தேதி ஒரு சபை உருவானது. அக்டோபரில் மறைபரப்பு ஞாயிறன்று தட்டில் நாம் போடுகிற காசின் ஊற்று அதுதான். 1826-ல் வாழும் ஜெபமாலை என்ற இன்னொன்றைத் தொடங்கினார். பதினைந்து பேர், ஆளுக்கு ஒரு மறைபொருள். தனியாக முழு ஜெபமாலை சொல்ல நேரமில்லாத கூலிக்காரர்களும் சேர்ந்து ஒன்றை முடித்துவிடுவார்கள்.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் தெரியுமா? அந்தப் பாரீஸ் சபையின் குருக்கள்தான் நம் கோவை மறைமாவட்டத்தை உருவாக்கியவர்கள். அவர்களில் ஒருவரான மரியோன் தெ பிரெசில்லாக் 1846-ல் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டது, நாம் ஜெபமாலை அன்னை திருவிழாவுக்குப் போகிறோமே, அதே கருமத்தம்பட்டியில். நம் பெருமாநல்லூரில் பஸ் ஏறி அவிநாசி தாண்டினால் வந்துவிடுகிற ஊர். பட்டுத் தறிகளுக்கு நடுவே நின்ற அந்தப் பெண்களுக்குக் கருமத்தம்பட்டி என்ற பெயரைச் சொல்லக்கூட வந்திருக்காது. பேர் தெரியாத ஊருக்காகத்தான் ஜெபித்தார்கள். நம் ஓவர்லாக் அக்கா போலவே.

பவுலின் அத்தோடு நிற்கவில்லை. தொழிலாளர்கள் மரியாதையோடு வாழ ஒரு முன்மாதிரி ஆலை வேண்டும் என்று ருஸ்திரேல் என்ற ஊரில் தன் சொத்தைப் போட்டார். நம்பியவர்கள் ஏமாற்றினார்கள். ஆலை மூழ்கியது. வாழ்நாளின் மிச்சத்தைக் கடன் அடைப்பதிலேயே கழித்து, 1862 ஜனவரியில் ஏழையாக இறந்தார். 2022 மே 22 அன்று லியோனில் அருளாளராக உயர்த்தப்பட்டார். ஜெபித்ததால் கடன் தீர்ந்தது என்று அவர் கதையை முடிக்க முடியாது. தீரவில்லை.

அப்படியென்றால் மன்றாட்டுக்கு வல்லமை எங்கே என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். எனக்குத் தெரிந்த பதிலை இயேசுவின் கடைசி இரவிலிருந்துதான் சொல்ல முடியும். உனக்காக நான் மன்றாடியிருக்கிறேன் என்று பேதுருவிடம் அவரே சொல்கிறார். இறைமகனே ஒருவருக்காக மன்றாடினால் அது பலிக்காமல் போகுமா? அன்று சேவல் கூவுமுன் பேதுரு மூன்று முறை மறுதலித்தார். மன்றாட்டு தோற்றுவிட்டதா? இயேசு என்ன கேட்டார் என்பதைப் பாருங்கள். பேதுரு விழக்கூடாது என்று கேட்கவில்லை. விழுந்தாலும் நம்பிக்கை அற்றுப்போகக்கூடாது, எழுந்து வந்து சகோதரரைத் திடப்படுத்த வேண்டும் என்று கேட்டார். யூதாசும் அன்று விழுந்தான், பேதுருவும் விழுந்தார். பேதுரு அழுதுகொண்டே திரும்பி வந்தார். குடிக்கிற மகனுக்காக வருடக்கணக்கில் மன்றாடிக்கொண்டிருக்கிற தாய்மார் இங்கே இருக்கிறீர்கள். அவன் இன்னும் நிறுத்தவில்லை. ஆனால் எந்த நிலையில் வந்தாலும் இரவு வந்து தட்ட ஒரு கதவு இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். உங்கள் மன்றாட்டு அந்தக் கதவைத் தாழிடாமல் வைத்திருக்கிறது. நான் உங்களுக்கு இதைவிடப் பெரிய வாக்குறுதி தரமாட்டேன்.

இன்னொன்று. இந்தக் கோயிலில் பெருமாநல்லூரிலேயே பிறந்தவர்கள் கையைத் தூக்குங்கள் என்றால் எத்தனை கை எழும்? நான் தூக்க முடியாது, உங்களில் பெரும்பாலோர் தூக்க முடியாது. மதுரை, திண்டுக்கல், தேனி, நெல்லை என்று பஸ் ஏறி வந்தவர்கள் நாம். பாபிலோனுக்கு நாடுகடத்தப்பட்ட மக்களுக்கு எரேமியா எருசலேமிலிருந்து ஒரு கடிதம் எழுதினார். எப்போது ஊர் திரும்புவோம் என்று காத்திருந்தவர்களுக்கு, வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், நீங்கள் இருக்கும் அந்த நகருக்காக மன்றாடுங்கள், அதன் நலத்தில்தான் உங்கள் நலம் என்று எழுதினார். தங்களைச் சிறைப்பிடித்துக்கொண்டு போன நகருக்காக! 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா நம் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டபோது இந்த ஊரின் நலமும் நம் அடுப்பும் ஒன்று என்பது யாரும் சொல்லாமலே நமக்குப் புரிந்தது. ஆனால் அதற்கு முன் 2023-ல், வடமாநிலத் தொழிலாளர்களை இங்கே அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவி, பயந்தவர்கள் மூட்டை முடிச்சோடு ரயிலேறினார்களே, அந்த வாரம் இந்தப் பெட்டியில் அவர்களுக்காக எத்தனை சீட்டு விழுந்திருக்கும்? நாமும் வந்தவர்கள்தான் என்பது அப்போது நம் நினைவில் இருந்ததா?

ஊருக்குள் கொண்டத்துக் காளியம்மன் கோயில் குண்டம் நம் எல்லோருக்கும் தெரியும். பிள்ளைக்காக, கணவனுக்காக என்று நேர்ந்துகொண்டு நம் அக்கம்பக்கத்து வீட்டுப் பெண்கள் நெருப்பில் இறங்குகிறார்கள். அவர்கள் வழிபாடு வேறு, நம் வழிபாடு வேறு. ஆனாலும் இன்னொருவருக்காகத் தன் பாதத்தைக் கொடுப்பது எப்படியிருக்கும் என்று அவர்களைப் பார்த்து நான் யோசித்ததுண்டு. என் மன்றாட்டில் எனக்கு எதுவுமே சுட்டதில்லை.

அந்த அக்காவின் கதைக்கு வருகிறேன். பெயரைக் கேட்டார். ஒடிசாவிலிருந்து வந்த பெண். அம்மா ஆஸ்பத்திரியில், ஷிப்மென்ட் நேரம், லீவு கேட்கப் பயம். அக்காவுக்கு இந்தி வராது, அந்தப் பெண்ணுக்குப் பாதித் தமிழ். அக்கா சூப்பர்வைசரிடம் போய் நின்றார், தன் ஒன்றரை ஷிப்ட்டில் அந்தப் பெண்ணின் பீஸையும் சேர்த்து ஓட்டுகிறேன் என்றார். "பேரு தெரிஞ்சதுக்கு அப்புறம் சும்மா ஜெபிச்சுட்டு உக்காந்திருக்க முடியலீங்க ஃபாதர்" என்றார் என்னிடம். அந்தப் பெண் ஊருக்குப் போனார். இன்றுவரை திரும்பவில்லை. போன் போட்டால் எடுப்பதில்லை. அம்மா பிழைத்தாரா என்று அக்காவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அந்த மிஷினில் இப்போது வேறு ஒரு பையன் உட்கார்ந்திருக்கிறான். அவன் பெயரையும் அக்கா கேட்டுவிட்டார்.

சிறிது நேரத்தில் விசுவாசிகள் மன்றாட்டு வரும். இரண்டாம் நூற்றாண்டில் உரோமையில் வாழ்ந்த புனித ஜஸ்டின், திருமுழுக்குப் பெற்றவுடன் ஒருவரை நேரே சகோதரர்களிடம் அழைத்துப் போய், எல்லோருக்காகவும் சேர்ந்து மன்றாடினோம் என்று எழுதியிருக்கிறார். புதிதாகப் பிறந்தவர் செய்த முதல் வேலை அது. பிற்காலத்தில் பெரிய வெள்ளி வழிபாடு தவிர மற்றப் பூசைகளில் இது மறைந்தே போயிருந்தது. 1963-ல் வத்திக்கான் சங்கம்தான் மீட்டுத் தந்தது. மீட்டுக் கிடைத்ததை நாம் என்ன செய்கிறோம்? வாசிப்பவர் வாசிக்க, நம் வாய் பதில் சொல்ல, மனம் ஞாயிற்றுக்கிழமைக் கறிக்கடைக்குப் போய்விடுகிறது.

இன்று மன்றாட்டுகளை வாசித்து முடித்ததும் சிறிது நேரம் அமைதியாக நிற்போம். உங்கள் வலப்பக்கம் ஒரு மிஷின், இடப்பக்கம் ஒரு மிஷின். யார் இருக்கிறார்களோ அவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். பெயர் தெரியாவிட்டால் நாளைக்கு டீ டைமில் கேட்டுக்கொள்ளலாம்.

இப்போது விசுவாச அறிக்கைக்கு எழுந்து நிற்போம்.