கணக்கு யார் கையில்?

1910 ஜூன் மாதம் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு கூடியது. அங்கே பேச எழுந்தபோது வேதநாயகம் சாமுவேல் அசரியாவுக்கு வயது 35. திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்தவர். இரண்டே ஆண்டில் தோர்ணக்கல் பேராயராகி, ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் என்று அறியப்படப் போகிறவர். மேலைநாட்டு மிஷனரிகள் நிறைந்த அந்த அவையில் அவர் சொன்னதன் சாரம் இதுதான்: எங்கள் ஏழைகளுக்கு உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உயிரையும் கொடுத்தீர்கள், எங்களுக்கு உங்கள் நட்பும் வேண்டும். அவையில் சிலருக்கு முகம் சுண்டியது. இவ்வளவும் வாங்கிக்கொண்டு இன்னும் என்ன குறை என்று நினைத்திருப்பார்கள். அசரியா நன்றி மறந்தவர் அல்லர். வாங்குகிறவன் என்றைக்கும் வாங்குகிறவனாகவே நிற்கும்படி செய்யும் கொடைக்குள் ஓர் அவமதிப்பு ஒளிந்திருக்கிறது என்பதைத்தான் அவர் சுட்டினார். இன்று நம் சபைகள் காணிக்கை எடுக்கின்றன, விடுதி நடத்துகின்றன, வெள்ளம் வந்தால் அரிசி மூட்டையோடு போய் நிற்கின்றன. சமூக நீதிக்கென்று ஒரு ஞாயிற்றுக்கிழமையும் அனுசரிக்கின்றன. இவற்றில் எது தருமம், எது நீதி என்று பிரித்தறிய என்னிடம் உள்ள அளவுகோல் ஒன்றுதான்: உதவி பெறுகிறவருக்கு அந்த உதவியைப் பங்கிடும் இடத்தில் நாற்காலி உண்டா?

இது இக்கால அரசியலிலிருந்து கடன் வாங்கிய அளவுகோல் என்று சொல்வோர் அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரத்தைத் திருப்பிப் பார்க்கலாம். எருசலேம் சபை எல்லாவற்றையும் பொதுவில் வைத்து வாழ்ந்த சபை என்று பிரசங்கங்களில் கேட்டிருக்கிறோம். அந்தச் சபையிலேயே அன்றாடம் உணவு பங்கிட்டபோது எபிரெய விதவைகளுக்குக் கிடைத்தது, கிரேக்க மொழி பேசிய விதவைகளுக்குச் சரியாகக் கிடைக்கவில்லை. முணுமுணுப்பு எழுந்தது. இன்றைய கமிட்டியாக இருந்தால் கூடுதலாக நிதி ஒதுக்கியிருக்கும். அல்லது முணுமுணுத்தவர்களுக்கு விசுவாசம் போதாது என்று ஒரு செய்தி கொடுத்து முடித்திருக்கும். அப்போஸ்தலர்கள் இரண்டையும் செய்யவில்லை. சபையாரைக் கூட்டி, பந்தி விசாரிப்பதற்கு ஏழு பேரை நீங்களே தெரிந்தெடுங்கள் என்றார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா: ஏழும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்ன தரப்பின் கையிலேயே மொத்த விநியோகமும் போனது, எபிரெய விதவைகளுக்கான பங்கும் சேர்த்து.

பெயரை மட்டும் வைத்துக்கொண்டு அதிகம் பேசிவிடக் கூடாது என்பதும் சரிதான். பன்னிரு சீடரிலேயே அந்திரேயாவும் பிலிப்புவும் கிரேக்கப் பெயர் தாங்கியவர்கள். ஆனால் ஏழில் ஒருவருக்குக்கூட எபிரெயப் பெயர் இல்லாததையும், கடைசி ஆள் அந்தியோகியாவிலிருந்து வந்து யூத மார்க்கத்தில் சேர்ந்தவர் என்று லூக்கா குறித்து வைத்ததையும் தற்செயல் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. இன்னொரு குறையும் உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. பசித்தவர்கள் விதவைகள். தெரிந்தெடுக்கப்பட்ட ஏழு பேரும் ஆண்கள். ஆக, ஆதிச் சபையும் பாதி வழிதான் வந்தது. பிற்பாடு அந்தப் பாதியிலிருந்தும் பின்வாங்கியது. ரோமாபுரிச் சபை 251 வாக்கில் 1500க்கு மேற்பட்ட விதவைகளையும் வறியோரையும் தாங்கியதாகத் திருச்சபை வரலாற்றாசிரியர் யூசேபியஸ் தரும் கடிதம் சொல்கிறது. மலைக்க வைக்கும் எண்ணிக்கை. அதன் பின்னான நூற்றாண்டுகளில் ‘ஏழைகளை நேசிப்பவர்’ என்ற பெயரே ஆயர்களுக்கு நகரங்களில் எப்படிச் செல்வாக்கைத் தேடித் தந்தது என்பதை வரலாற்றாசிரியர் பீட்டர் பிரவுன் விரிவாகக் காட்டியிருக்கிறார். ஏழைகளுக்குச் சோறு கிடைத்தது, ஆயருக்கு அதிகாரம் கிடைத்தது. அந்தச் சோற்றை நான் குறை சொல்லவில்லை. அதிகாரம் எந்தப் பக்கம் சேர்ந்தது என்பதைப் பார்க்கச் சொல்கிறேன்.

இதற்கு நேர்மாறான மரபு ஒன்று நம் ஊரிலேயே இருக்கிறது. 1830இல், மிஷனரி ரேனியஸ் ஐயர் காலத்தில், திருநெல்வேலியில் தரும சங்கம் தொடங்கியது. கிறிஸ்தவர்களானதால் நிலத்திலிருந்தும் குடியிருப்பிலிருந்தும் துரத்தப்பட்டவர்களுக்கு இடம் வாங்கிக் கொடுப்பது அதன் வேலை. ஒரு வேளைச் சோறு போடுவதோடு இந்தச் சங்கம் நின்றிருந்தால், மறுநாளும் அந்தக் குடும்பங்கள் மிராசுதாரின் தயவில்தான் படுத்தெழுந்திருக்கும். நிலம் கைக்கு வந்ததால் ‘வெளியே போ’ என்று சொல்லும் அதிகாரம் அவரிடமிருந்து நழுவியது. கைப்பிடி அரிசியும் இந்த வகைதான். உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போட்டுச் சபைக்குக் கொடுக்கும் வழக்கத்துக்குப் பணக்கார வீடு, ஏழை வீடு என்ற வித்தியாசம் கிடையாது. தோர்ணக்கல்லில் அசரியாவின் சபையார் பெரும்பாலும் மாலா, மாதிகா சாதிகளைச் சேர்ந்த கூலிகள். அவர்களையும் கொடுக்கச் சொன்னார் அவர். கிறிஸ்தவக் கொடை பற்றித் தனியாக ஒரு நூலே எழுதினார். கஞ்சிக்கே வழியில்லாதவனிடம் பிடி அரிசி கேட்பது கொடுமை அல்லவா? ஆலயத்துக்குப் பளிங்குத் தரை போடுவதற்காகக் கேட்டால் கொடுமைதான். ஆனால் ஒன்றும் கொடுக்காதவன் எதையும் கேட்கக் கூடாது என்பது உலகத்தின் எழுதாத சட்டம். அந்த ஒரு பிடி கொடுத்தவன் சபைக் கூட்டத்தில் எழுந்து ‘என் அரிசி எங்கே போனது?’ என்று கேட்கலாம். லண்டனிலிருந்து வந்த பணத்தைப் பற்றி அவன் அப்படிக் கேட்டிருக்க முடியாது. வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் 2020ஆம் ஆண்டுத் திருத்தம், ஓர் அமைப்பு பெற்ற பணத்தை இன்னோர் அமைப்புக்கு மாற்றித் தருவதைத் தடை செய்து, நிர்வாகச் செலவின் உச்சவரம்பையும் 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைத்தது. அதன் நோக்கத்தைப் பற்றி எனக்கு நல்லெண்ணம் ஒன்றும் இல்லை. ஆனாலும், உள்ளூர்ப் பானையை இவ்வளவு காலம் மறந்திருந்தோம் என்பதை அது நினைவூட்டியிருக்கிறது.

தென்மாவட்டச் சபைகளின் அசனம் என்ற பொது விருந்தையும் இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். அசனப் பந்தியில் உட்கார்ந்திருப்பவர்களில் யார் கொடுத்தவர், யார் வாங்குபவர் என்று இலையைப் பார்த்துச் சொல்ல முடியாது. வெங்காயம் உரித்தவர், ஆடு கொடுத்தவர், பக்கத்து ஊரிலிருந்து வந்த பிற மதத்தவர் எல்லோருக்கும் ஒரே சோறு, ஒரே குழம்பு. தன்னார்வத் தொண்டு என்று நாம் இன்று பெயர் சூட்டியிருப்பதன் நல்ல வடிவம் அது. அதே சபையின் அறுப்பின் பண்டிகையில் ஒரு வாழைத்தார் சில ஆயிரங்களுக்கு ஏலம் போவதும், எடுத்தவரின் பெயர் ஒலிபெருக்கியில் முழங்குவதும் வேறு கதை. ஆலயத்து மின்விசிறியின் இறக்கையிலும் உபயதாரர் பெயரை எழுதி வைத்துவிட்டு, அது சுற்றும்போது படிக்க முடியவில்லையே என்று கவலைப்படுகிறவர்களும் நாம்தான்.

வலது கை செய்வது இடது கைக்குத் தெரியக் கூடாது என்று ஆண்டவர் சொன்னாரே, கணக்குக் கேட்பது அதற்கு விரோதம் அல்லவா என்பது அடிக்கடி காதில் விழும் மறுப்பு. அந்த வசனம் மறைக்கச் சொன்னது கொடுத்தவனின் பெருமையை. நடைமுறையில் நாம் அதைத் தலைகீழாக்கி, கொடுத்தவன் பெயரைக் கல்லில் வெட்டிவிட்டுக் கணக்கை மறைத்துக்கொண்டோம். எருசலேமின் ஏழைகளுக்காகப் பவுல் பணம் திரட்டியபோது, அவ்வளவு தொகையைக் கையாளுவதில் யாரும் தம்மேல் குற்றம் சொல்ல இடம் வரக்கூடாது என்று எண்ணினார். தீத்துவோடு, சபைகளே தெரிந்தெடுத்த இன்னொரு சகோதரனையும் அனுப்பினார். கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் எட்டாம் அதிகாரத்தில் அது இருக்கிறது. அதே அதிகாரத்தில் அவர் சொல்லும் காரணம் சமநிலை: இன்று உங்கள் மிகுதி அவர்கள் குறைவுக்கு உதவட்டும், நாளை அவர்கள் மிகுதி உங்கள் குறைவுக்கு உதவும். கொடுப்பவன் இடமும் வாங்குபவன் இடமும் மாறக்கூடியவை என்று நம்புகிறவன்தான் அப்படி எழுத முடியும்.

பசித்தவனுக்கு முதலில் சோறு, நீதியெல்லாம் அப்புறம். சபை அரசியலில் இறங்கினால் அது சபையாக இருக்காது என்பார்கள். முதல் பாதியோடு எனக்குச் சண்டை இல்லை. பசித்தவன் முன்னால் நின்று கமிட்டி அமைக்கச் சொல்பவன் மூடன். இரண்டாம் பாதிக்குப் பதில் தெற்குத் திருவிதாங்கூரில் இருக்கிறது. அங்கே மிஷன் சபைகள் பெண்களுக்குத் தையல் கற்றுக் கொடுத்தன, குப்பாயம் தைத்துக் கொடுத்தன. அரசியல் கலப்பில்லாத சுத்தமான தருமம். ஆனால் மேலாடை உடுத்தும் உரிமை மறுக்கப்பட்டிருந்த நாடார் பெண்கள் அந்தத் துணியை மேலே போட்டுக்கொண்டு சந்தைக்குப் போனபோது அது பலர் முன்னிலையில் கிழித்தெறியப்பட்டது. துணி கொடுத்தால் மட்டும் போதவில்லை, உடுத்தும் உரிமையும் வேண்டியிருந்தது. பல பத்தாண்டுப் போராட்டத்துக்கும், மனுக்களுக்கும், சென்னை ஆளுநர் டிரெவெல்யன் தந்த நெருக்குதலுக்கும் பிறகு 1859இல் மன்னரின் ஆணை வந்தது. அதிலும் மேல்சாதிப் பெண்கள் உடுத்தும் முறையில் உடுத்தக் கூடாது என்றொரு கொக்கி. மனு எழுதுவது சபையின் வேலை அல்ல என்று அன்றைய மிஷனரிகள் ஒதுங்கியிருந்தால், தைத்த குப்பாயங்கள் பெட்டியிலேயே கிடந்திருக்கும்.

வெளியிலிருந்து வரும் மறுப்பு இதைவிடக் கூர்மையானது. 1876-78 பஞ்சத்தின்போது மிஷனரி கால்டுவெல் முதலியோர் நிவாரணம் நடத்திய திருநெல்வேலியில் பல்லாயிரம் பேர் சபைகளில் சேர்ந்தார்கள். ‘சோற்றுக்கு மதம் மாறியவர்கள்’ என்ற ஏச்சு அவர்களை விடாமல் துரத்தியது. மதம் மாற்றும் நோக்கம் கலந்த சேவை சேவையாகாது என்று காந்தி 1930களில் வாதாடினார். அசரியாவோடும் அவருக்கு இதில் பிணக்கு உண்டு. இந்த மறுப்பைச் சபை கோபத்தோடு தள்ளிவிடக் கூடாது. ஒரு கை அரிசியும் மறு கை ஞானஸ்நானமும் நீட்டினால், பசித்தவனால் சுதந்திரமாக ‘வேண்டாம்’ என்று சொல்ல முடியுமா என்பது நியாயமான கேள்வி. அதே சமயம், பஞ்சத்தில் வந்த ஏழைக்குச் சொந்த புத்தியே இருந்திருக்காது, சோறு மட்டுமே அவனை இழுத்திருக்கும் என்று முடிவு கட்டுவதிலும் ஓர் இளப்பம் இருக்கிறது. சாதியும் மதமும் பாராமல் கொடுப்பது இதற்குப் பாதிப் பதில்தான். பங்கிடும் குழுவில் சபைக்கு வெளியே உள்ளவர்களும் உட்காரட்டும். நிவாரணம் தூண்டிலாக மாறுகிறதா என்பதை முதலில் கண்டுபிடிப்பவர்கள் அவர்கள்தான்.

சபைக்குள்ளேதான் இந்த அளவுகோல் மிகவும் சுடுகிறது. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி தலித் கிறிஸ்தவர்களைப் பட்டியல் சாதிச் சலுகைகளிலிருந்து விலக்கியது. சீக்கியர்களுக்கு 1956லும் பௌத்தர்களுக்கு 1990லும் திறந்த கதவு இவர்களுக்கு இன்னும் திறக்கவில்லை. இதை எதிர்த்துப் பேரணி நடத்தும் திருச்சபைகளுக்கு உட்பட்ட ஊர்களிலேயே கல்லறைத் தோட்டம் சாதிவாரியாகப் பிரிந்து கிடக்கிறது. சாதிப் பாகுபாடு தங்களுக்குள்ளும் இருப்பதைக் கத்தோலிக்க ஆயர்கள் 2016இல் வெளியிட்ட கொள்கை அறிக்கையிலேயே ஒப்புக்கொண்டார்கள். அறிக்கை வந்துவிட்டது, சேகரக் கமிட்டியில் யார் உட்காருகிறார்கள் என்பது அறிக்கையால் மாறுவதில்லை. பல சபைகளில் உறுப்பினர் கட்ட வேண்டிய சங்கக் காணிக்கையைப் பாக்கி வைத்தவரின் பெயர் வாக்காளர் பட்டியலில் ஏறாது. மருத்துவ உதவியும் பிள்ளைகளின் கல்வி உதவியும் சபையிலிருந்து பெறும் குடும்பங்கள்தான் பெரும்பாலும் பாக்கி வைப்பவை. ஆகவே உதவி யாருக்கு என்று முடிவெடுக்கும் கமிட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது, உதவி தேவைப்படுகிறவர்கள் வெளியே நிற்கிறார்கள். காணிக்கைப் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்து ஏழை விதவையின் இரண்டு காசைக் கவனித்தவரின் பெயரால் நடக்கும் சபைக்கு இது பொருந்தாது. ஆண்டு முழுக்க ஒரு வீடு கொடுத்த கைப்பிடி அரிசியையே அந்த வீட்டின் சங்கக் காணிக்கையாக வரவு வைத்துக்கொண்டு, பெயரைப் பட்டியலில் ஏற்றலாம். பணம் கட்டாதவருக்கு ஓட்டா என்று எதிர்ப்பு வரும். அரிசிக்கும் சந்தையில் விலை உண்டு என்று பதில் சொல்லலாம். அந்தப் பதிவேட்டை எழுதும் வேலையைப் பெண்கள் ஐக்கிய சங்கத்திடமே விட்டுவிடலாம். இத்தனை காலமும் வீடு வீடாகப் போய் அளந்து வாங்கியவர்கள் அவர்கள்தானே.