நன்றி என்னும் வழிபாடு

2025-ஆம் ஆண்டின் சுதந்திர தினம் வெள்ளிக்கிழமையன்று வந்தது. 1947-இல் பாரதம் விடுதலை பெற்ற அந்த ஆகஸ்ட் 15-ஆம் நாளும் வெள்ளிக்கிழமையே. மறுநாள் கோகுலாஷ்டமி; அதற்கடுத்து ஞாயிறு. தாய்நாட்டிற்கு ஒரு நாள், கண்ணனுக்கு ஒரு நாள், குடும்பத்திற்கு ஒரு நாள் என்று காலமே பகுத்துத் தந்தது போல அமைந்தன அந்த மூன்று நாட்கள்.

கோலார் தங்கவயலில் வாழ்வோர்க்கு இத்தகைய விடுமுறையின் அருமை நன்கு தெரியும். அதிகாலையில் மாரிக்குப்பத்திலும் ஊர்காமிலும் ரயிலேறிப் பெங்களூருக்குப் பணிக்குச் சென்று, இருட்டிய பின் திரும்புவோர் அங்கே ஏராளம். பெற்றோர் முகத்தையும் குழந்தைகள் முகத்தையும் பகல் வெளிச்சத்தில் காண்பதே அவர்களுக்கு ஒரு பேறு.

தங்கவயலின் பெரும் சுரங்கங்களுள் ஒன்று நந்திதுர்க். ‘நந்தியின் கோட்டை’ என்பது அப்பெயரின் பொருள். சுமப்பதும் பொறுப்பதும் நந்தியின் இயல்பு. இறைவனை நோக்கி அமர்ந்திருக்குமே அன்றித் தன்னைப் பிறர் நோக்க வேண்டும் என்று அது எண்ணுவதில்லை. அப்பெயருக்கு ஏற்பவே வாழ்ந்தார்கள் அச்சுரங்கத் தொழிலாளர்கள். வடஆற்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்களின் வழித்தோன்றல்கள் அவர்களுள் மிகப் பலர். பாறை வெடிப்பில் உயிர் நீத்தோர் உண்டு. பாறைத்தூள் நுரையீரலில் படிந்து, மூச்சுக்குப் போராடி மறைந்தோர் உண்டு. சுமார் 120 ஆண்டுகளில் தங்கவயல் தந்த பொன் ஏறத்தாழ 800 டன். அதில் ஒரு குன்றிமணி அளவேனும் தம் இல்லத்திற்குக் கொண்டு செல்லாமல் உழைத்து ஓய்ந்தவர்கள் அவர்கள்.

1880-இல் ஆங்கிலேய நிறுவனத்தின் கைக்குச் சென்ற சுரங்கங்கள், நாடு விடுதலை பெற்ற பின்னும் 1956 வரை அந்நியர் நிர்வாகத்திலேயே இருந்தன. பின்னர் அவை நாட்டின் உடைமையாயின. 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் மூடப்பட்டன. எஞ்சியவை பூட்டிய சுரங்க வாயில்களும், காற்றில் தூள் பறக்கும் சயனைட் மண்மேடுகளுமே.

அத்தகைய ஊரில் பிறந்த ஓர் இளைஞன், “இந்த நாடு எங்கள் தாத்தாவின் மூச்சை வாங்கிக்கொண்டு எங்களுக்கு என்ன தந்தது? நான் எதற்காக நன்றி செலுத்த வேண்டும்?” என்று கேட்டால், அவனைக் கடிந்துகொள்வது முறையன்று. அக்கேள்வியில் நியாயம் உண்டு. அதற்கு விடை கூற வேண்டிய பொறுப்பு ஆன்மிகத்திற்கும் உண்டு.

நன்றி என்பது கிடைத்த பொருளுக்குக் கொடுக்கும் விலை அன்று. மனிதன் பிறக்கும்போதே கடன்பட்டவனாகப் பிறக்கிறான் என்கின்றன சாஸ்திரங்கள். தேவர்கள், ரிஷிகள், முன்னோர்கள், சக மனிதர்கள், பிற உயிர்கள் ஆகிய ஐவருக்கும் அவன் ஆற்ற வேண்டிய கடமையே பஞ்ச மகா யக்ஞம். பிறர் அளித்ததை உண்டுவிட்டுத் திருப்பி எதுவும் அளிக்காதவனைக் கள்வன் என்றே கீதையின் மூன்றாம் அத்தியாயத்தில் கண்ணன் கண்டிக்கிறான்.

இக்கடன்கள் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிவதில்லை. 1902-இல் சிவசமுத்திரத்தில் உற்பத்தியான மின்சாரம் முதலில் சென்றது தங்கவயல் சுரங்கங்களுக்கே. பெங்களூரின் வீதிகள் மின்னொளி பெற்றது அதற்குப் பின், 1905-இல். இன்று அந்நகரில் விளக்கேற்றும் எத்தனை பேர், பாதாளத்தின் இருளில் உழைத்தவர்களை நினைக்கிறார்கள்? ஆகவே, நன்றி செலுத்த வேண்டியவர்களின் வரிசையில் அந்த இளைஞனுக்கு முன்பாக நிற்க வேண்டியவர் பலர்.

திருக்குறளின் அதிகார அமைப்பும் சிந்திக்கத்தக்கது. இல்வாழ்க்கை, வாழ்க்கைத் துணைநலம், புதல்வரைப் பெறுதல், அன்புடைமை, விருந்தோம்பல், இனியவை கூறல் ஆகியவற்றுக்குப் பின்னரே பதினோராம் அதிகாரமாகச் செய்ந்நன்றியறிதல் வருகிறது. ‘நாடு’ என்னும் அதிகாரமோ எழுபத்து நான்காவது. நன்றியின் பள்ளிக்கூடம் வீடு. அங்கே கற்றவனே நாட்டிற்கும் நன்றியுடையவன் ஆவான் என்று கொள்ள இவ்வரிசை இடம் தருகிறது.

நாடு என்பது யார்? அடுத்த ஐம்பது ஆண்டுகளுக்குப் பாரத அன்னையையே வழிபடு தெய்வமாகக் கொள்ளுமாறு 1897 பிப்ரவரியில் சென்னையில் அறைகூவல் விடுத்தார் சுவாமி விவேகானந்தர். சரியாக ஐம்பது ஆண்டுகளில் விடுதலை வந்தது. ஆனால் சுவாமிஜி சுட்டிய தெய்வம் வரைபடத்தில் இருப்பதன்று. கண்முன் உயிருடன் நடமாடும் மக்களே அத்தெய்வம். அவ்வாறெனில், திண்ணையில் இருமிக்கொண்டிருக்கும் அந்தத் தாத்தாவும் பாரத அன்னையின் வடிவமே. அவருக்குச் செய்யும் பணிவிடை தேசபூஜை. அவருக்கு உரிய மருத்துவமும் உறைவிடமும் கிடைக்கப் பாடுபடுவதும் தேசபூஜையே. நன்றியுணர்வு அநீதியைக் கண்டு வாய்மூடி இருக்கச் சொல்வதில்லை. பட்ட கடனை நினைவில் வைத்திருப்பவனே அதைத் தீர்க்கும் வழியையும் தேடுவான்.

எனவே இத்தகைய விடுமுறை நாட்கள் வரும்போது இல்லறத்தார் பின்பற்றத்தக்க எளிய சாதனை ஒன்று உண்டு. முதல் நாள், கொடியை வணங்கும் முன் வீட்டில் உழைத்து ஓய்ந்த மூத்தோரை வணங்கலாம். இரண்டாம் நாள், கண்ணனுக்குப் படைத்த சீடையிலும் முறுக்கிலும் ஒரு பங்கை, கேட்க நாதியற்ற ஒருவரின் வாசலுக்குக் கொண்டு செல்லலாம். ஸ்ரீராமகிருஷ்ணர் மகாசமாதி அடைந்ததும் ஆகஸ்ட் 16-ஆம் நாளே (1886). ஜீவனைச் சிவனாகக் கருதிச் சேவை செய்யக் கற்பித்த குருதேவருக்கு இதைவிட ஏற்ற நிவேதனம் வேறில்லை. மூன்றாம் நாள், தொலைக்காட்சியை நிறுத்திவிட்டுப் பெரியவர்களைப் பேசச் சொல்லிக் குழந்தைகளுடன் அமர்ந்து கேட்கலாம்.

சுரங்கம் மூடிவிட்டது; பொன் போய்விட்டது. ஆயினும், பேரக்குழந்தை தன் தாத்தாவின் காய்த்துப்போன கையைப் பற்றிக்கொண்டு, “நீங்கள் எவ்வளவு ஆழத்திற்குப் போனீர்கள், தாத்தா?” என்று கேட்கும்போது அம்முதியவரின் முகத்தில் ஓர் ஒளி தோன்றும். அந்த ஒளியே பாரத அன்னைக்கு ஏற்றும் தீபம். அத்தீபம் இல்லந்தோறும் ஒளிர இறைவன் அருள்புரிவானாக!