பாடசாலை யாருடையது?



"எங்கள் பாடசாலைகளைப் பறிகொடுத்துவிட்டோம்" என்று நம் முதியவர்கள் பெருமூச்சு விடுவதைக் கேட்டிருப்பீர்கள். 1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமும் 1961ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டமும் உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளை அரசின் கைக்கு மாற்றின. கத்தோலிக்கப் பெற்றோர் வகுப்பறைகளுக்குள்ளேயே தங்கிக் காவலிருந்தனர். 1961 சனவரியில் பம்பாயிலிருந்து கர்தினால் வலேரியன் கிராசியஸ் ஆண்டகை வந்து சமரசம் பேச வேண்டியதாயிற்று. அந்த நாட்களின் கண்ணீரை எவரும் இலேசாக எண்ணலாகாது. ஆயினும் இத்தனை ஆண்டுகளுக்குப் பின் அமைதியாக ஒரு கேள்வியை நம்மையே கேட்டுக்கொள்வோம். பாடசாலை உண்மையில் யாருடையது?

விடை காணச் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். ஒல்லாந்தர் காலத்தில் கரையோரப் பகுதிகளில் கோவிலும் பாடசாலையும் ஒன்றாகவே இயங்கின. ஞானஸ்நானமும் திருமணமும் பாடசாலைத் தோம்பிலே பதியப்பட்டன. தோம்பில் பெயரில்லாதவனின் திருமணமும் முதுசமும் கேள்விக்குறியாயின. ஆகவே உள்ளத்தில் ஏற்காத மதத்தை உதட்டளவில் ஏற்றவர்கள் பலர். கத்தோலிக்கராகிய நம் முன்னோர் அன்று அந்த நெருக்கடியை அனுபவித்தவர்கள்.

அதே காலத்தில், 1692இல், புனித யோசப் வாஸ் அடிகளார் கண்டிக்கு வந்தார். அவரை வரவேற்றது சிறைக்கூடமே. அவரிடம் கட்டிடமும் இல்லை, அரச நன்கொடையும் இல்லை. 1705இல் இலங்கை வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் இயற்றினார். பாடசாலை அதிகாரம் முழுவதும் ஒல்லாந்தர் பக்கம் இருந்தது. விசுவாசக் கல்வியோ இந்த ஏழைக் குருக்களின் வழியாக வளர்ந்தது.

பின்னர் ஆங்கிலேயர் ஆட்சியில் காலம் மாறியது. 1854இல் கண்டியில் புனித அந்தோனியார் கல்லூரி தோன்றியது. அங்கிலிக்கன் சபையாரின் திரித்துவக் கல்லூரி 1872இல் எழுந்தது. 1893இல் பாப்பரசர் 13ஆம் சிங்கராயர் இந்தியா முழுவதற்குமான குருமடத்தை அம்பிட்டியவில் நிறுவினார். அது 1955இல் பூனாவுக்கு மாறும்வரை இம்மலைகளின் நடுவிலேயே குருக்கள் பலர் உருவாயினர். துறவியரும் கன்னியரும் சிந்திய வியர்வைக்கு நாம் என்றும் கடன்பட்டவர்கள்.

ஆனால் உண்மையின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். கல்வி வேண்டிய பௌத்த, இந்து, இஸ்லாமியப் பிள்ளைக்குப் பல இடங்களில் கிறிஸ்தவப் பாடசாலையின் வாசல் ஒன்றே திறந்திருந்தது. ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப் பாடசாலை தொடங்கியதும், 1880க்குப் பின் ஒல்கொட் பௌத்த பாடசாலைகளுக்கு ஊக்கமளித்ததும் இதன் எதிரொலியே. அவர்களை நாம் எதிரிகளாகக் கண்டோம். ஒல்லாந்தரின் பாடசாலையில் நம் முன்னோர் பட்ட வேதனையை, நம் வகுப்பறையில் அவர்களின் பிள்ளைகள் பட்டார்களோ என்று கேட்க மறந்தோம்.

இன்னொன்றையும் மறந்தோம். கண்டியில் கல்லூரி மணிகள் ஒலித்த காலத்தில், சில மைல்களுக்கு அப்பால் திகன, இராஜவெல்லைப் பக்கத்துத் தோட்ட லயங்களில் நிலைமை என்ன? 1907ஆம் ஆண்டின் சட்டம் 6 முதல் 10 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குக் கல்வி தரும் பொறுப்பைத் தோட்டத்துரைமார் மீது சுமத்தியது. பத்து வயதுக்குப் பின்? அதைப் பற்றி அச்சட்டம் கவலைப்படவில்லை. 1970களில்தான் தோட்டப் பாடசாலைகள் பெருமளவில் அரசின் பொறுப்பில் சேரத் தொடங்கின. நம் கல்லூரிகளுக்காக நாம் எழுப்பிய குரலில் கால்வாசியையேனும் இந்தப் பிள்ளைகளுக்காக எழுப்பினோமா?

1965 அக்டோபர் 28இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கிறிஸ்தவக் கல்வி பற்றிய தன் பிரகடனத்தை வெளியிட்டது. பிள்ளைகளுக்கு முதல் ஆசிரியர்கள் பெற்றோரே என்று அது உரைக்கிறது. கத்தோலிக்கப் பாடசாலைகள் ஏழைகளுக்கும், குடும்ப ஆதரவற்றோருக்கும், விசுவாசம் அறியாதோருக்கும் தனிக்கவனம் செலுத்த வேண்டும் என்றும் வேண்டுகிறது. அப்படியானால் பாடசாலை அரசின் சொத்துமன்று, திருச்சபையின் சொத்துமன்று. அது பிள்ளைக்கு உரியது. நாம் அதன் ஊழியர்கள் மட்டுமே.

"அப்படியாயின் என் பிள்ளைக்கு நல்ல பாடசாலை தேடுவது குற்றமா?" என்று ஒரு தாய் கேட்கலாம். இல்லை அம்மா, அது உங்கள் கடமை. ஆனால் ஒன்றைச் சிந்தியுங்கள். ஆண்டுக்கணக்காகப் பூசைக்கு வராத குடும்பங்கள், முதலாம் வகுப்புக்கு விண்ணப்பிக்கும் காலம் வந்ததும் ஞானஸ்நானப் பத்திரமும் பங்குத்தந்தையின் கடிதமும் தேடி ஓடி வருவதை நாம் கண்டதில்லையா? கடிதம் கிடைத்ததும் மீண்டும் மறைந்துவிடுவதையும் காண்கிறோமே! ஒல்லாந்தரின் தோம்புக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? அன்று ஆட்சியாளர் நெருக்கினர். இன்று நம்மை நாமே நெருக்கிக்கொள்கிறோம். திருவருட்சாதனம் அனுமதிச் சீட்டாகிவிட்ட வீட்டில் பிள்ளை கற்கும் முதற்பாடம் எதுவாயிருக்கும்?

2018 மார்ச்சில் திகனவிலும் தெல்தெனியவிலும் நடந்தவை நினைவிருக்கும். இஸ்லாமியச் சகோதரரின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தீக்கிரையாயின. 1945 முதல் இலவசக் கல்வி பெற்ற நாட்டில் இது நடந்தது. எழுத்தறிவு மட்டும் மனிதனை அயலானுக்குக் காவலனாக்குவதில்லை என்பதற்கு இதைவிடக் கசப்பான சான்று வேண்டுமா? கணிதமும் விஞ்ஞானமும் அரச பாடசாலை கற்றுத்தரும். அயலவனின் வீடு எரியும்போது எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்பதைப் பிள்ளை உங்கள் சாப்பாட்டு மேசையிலேதான் கற்கிறது. அடுத்த வீட்டாரைப் பற்றி நீங்கள் பேசும் பேச்சே அதற்குப் பாடநூல்.

ஆகவே பெற்றோரே, இழந்த கட்டிடங்களை எண்ணி ஏங்கியது போதும். உங்கள் வீட்டில் உயர்தரம் சித்தியெய்திய மகனோ மகளோ இருந்தால், வாரத்தில் ஒரு மாலை, லயத்துப் பிள்ளைகள் நால்வரை அழைத்து உட்கார்த்திப் பாடம் சொல்லிக்கொடுக்கச் செய்யுங்கள். அந்த நால்வரும் எம்மதத்தவர் என்று கேட்க வேண்டாம். அதற்குச் சட்டமும் வேண்டாம், நன்கொடையும் வேண்டாம். ஒரு விளக்கும் ஒரு பாயும் இருந்தால் போதும். அந்தப் பாடசாலையை எந்த அரசும் உங்களிடமிருந்து பொறுப்பேற்க முடியாது.